துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்

ரொட்டியில் பூஞ்சை பூத்தால் கண்ணுக்குத் தெரியும். பச்சையாகவோ வெள்ளையாகவோ படர்ந்திருக்கும். தவளையின் தோலில் வளரும் கைட்ரிட் பூஞ்சை அப்படி எதையும் வெளியே காட்டுவதில்லை. அது தொற்றிய தவளை ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கத்தும், டார்ச் வெளிச்சம் பட்டால் தண்ணீருக்குள் குதிக்கும், பூச்சியைக் கண்டால் நாக்கை வீசும். அடுத்த சில வாரங்களில் அது செத்துப்போகலாம். ஒன்றும் ஆகாமல் பல ஆண்டுகள் வாழவும் செய்யலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இருவாழ்விகளைத் தாக்கும் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது எத்தனை வகைகள் அழிந்தன என்ற கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். 2019இல் சயன்ஸ் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் 501 இருவாழ்வி வகைகள் இந்த நோயால் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன. அவற்றில் 90 அடியோடு அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. தொற்றுநோய் ஒன்றால் முதுகெலும்பிகளுக்கு இவ்வளவு பெரிய இழப்பு நேர்ந்ததாகப் பதிவில்லை. ஆனால் இந்தக் கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. காட்டில், இருட்டில், கையளவுகூட இல்லாத ஒரு பிராணியின் தோலில் நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரியும் பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்கிறார்கள்? ‘இருக்கிறது’ என்று சொல்வது ஓரளவு சுலபம். ‘இல்லை’ என்று சொல்லத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

பூஞ்சையின் முழுப்பெயர் பேட்ரகோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ். பெயர் நீளமாக இருப்பதால் ஆய்வாளர்கள் ‘பிடி’ என்று இரண்டெழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். கைட்ரிட் குடும்பத்துப் பூஞ்சைகள் பெரும்பாலும் ஈர மண்ணிலும் குளத்திலும் மட்கும் இலை, மகரந்தம், பூச்சிகளின் ஓடு போன்றவற்றைத் தின்று வாழ்பவை. முதுகெலும்புள்ள உயிரைத் தாக்கும் ஒரு கைட்ரிட் இருக்கும் என்று 1990களின் நடுப்பகுதிவரை யாரும் நினைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காடுகளிலும் மத்திய அமெரிக்க மலைகளிலும் தவளைகள் கூட்டங்கூட்டமாக மறைந்தபோது வெயில், அமில மழை, பூச்சிமருந்து என்று பலவற்றின் மீதும் பழி விழுந்தது. 1998இல்தான் லீ பெர்கரும் அவருடைய சகாக்களும் இரண்டு கண்டங்களிலும் செத்த தவளைகளின் தோலில் ஒரே பூஞ்சை இருப்பதைக் காட்டினார்கள். வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் செத்துப்போன ஒரு நீல நச்சுத் தவளையிலிருந்து பூஞ்சையைப் பிரித்து வளர்த்தவர் மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் லாங்கோர். அவரும் இரண்டு நோயியல் வல்லுநர்களும் 1999இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இது பரவும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் சோதனை முறை முழுவதும் அதை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. பூஞ்சையின் வித்துக்கு ஒரு வால் உண்டு; தண்ணீரில் நீந்தும். ஆனால் பெரிய நீச்சல்காரன் அல்ல. பெரும்பாலான வித்துகள் இரண்டு சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் எதிலாவது ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடம் தவளைத் தோலாக இருந்தால், மேல்தோலின் கெரட்டின் உள்ள செல்களுக்குள் புகுந்து உருண்டையான பை போல வளர்கிறது. நான்கைந்து நாளில் அந்தப் பைக்குள் புது வித்துகள் முதிர்ந்து, ஒரு சிறு குழாய் வழியாக வெளியே வந்து, மறுபடி தண்ணீருக்கோ அதே தவளையின் பக்கத்துத் தோலுக்கோ போகின்றன. குளிர்ந்த ஈரம்தான் இதற்குப் பிடித்த இடம். 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை செழிக்கும், 30ஐ நெருங்கினால் தள்ளாடும். மலைத் தவளைகள் அதிகம் அடிபட்டதற்கு இது ஒரு காரணம்.

தோலில் வந்த நோய் எப்படி உயிரைக் குடிக்கும் என்ற சந்தேகம் வரலாம். நமக்குத் தோல் ஒரு போர்வை. தவளைக்கு அதுவே பாதி நுரையீரல், பாதிச் சிறுநீரகம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவைச் சரிக்கட்டுவதும் அந்தத் தோல்தான். பூஞ்சை பெருகிய தோலால் அந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. ரத்தத்தில் உப்பு குறைந்து கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. ஜேமி வாய்ல்ஸ் குழுவினர் 2009இல் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளில் இதைப் படிப்படியாக அளந்து காட்டினார்கள்.

நோய் முற்றிய தவளையிடம் சில குறிகள் இருக்கும். பட்டப்பகலில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். பின்னங்கால்களை உடலோடு மடக்காமல் பரப்பி வைத்திருக்கும். தோல் அளவுக்கு மீறி உரியும். வயிறும் தொடையும் சிவந்திருக்கும். மல்லாக்கப் போட்டால் திரும்பிக் கவிழ முடியாமல் திணறும். இதையெல்லாம் வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு சொல்ல முடியாது. பாக்டீரியாவால் வரும் செங்கால் நோயிலும் தொடை சிவக்கும். ரானாவைரஸ் தாக்கினாலும் தவளை சோர்ந்து கிடக்கும். தோல் உரிப்பது நலமான தவளையும் செய்கிற காரியம். அதோடு, இந்தக் குறிகள் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பிணத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், வெப்பக்காட்டில் செத்த தவளை ஓர் இரவு கிடப்பதே அபூர்வம். எறும்பும் நண்டும் பாம்பும் முந்திக்கொள்ளும். மிஞ்சியது வெயிலில் அழுகும். ஒரு பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் தவளைகள் செத்தாலும், வாரம் ஒருமுறை போய் வருகிறவர் கண்ணில் பிணம் படாமலே எல்லாம் முடிந்துவிடலாம்.

ஆரம்பத்தில் இதற்கு இருந்த வழி விரல் நுனியை நறுக்குவது. பின்கால் விரலின் ஒரு துண்டை வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தோலின் மேலடுக்கில் வட்டவட்டமாகப் பைகள் தெரியும். சில நிறைந்திருக்கும், வித்து வெளியேறிய சில காலியாக இருக்கும். சிலவற்றில் வெளிப்புறம் நோக்கிய குழாயும் தெரியும். நோய் முற்றிய தவளையில் இந்தக் காட்சி சந்தேகத்துக்கு இடமில்லாதது. தொற்று லேசாக இருந்தால் கதை வேறு. பத்துச் சீவல்களில் ஒன்றில் மட்டும் இரண்டு பைகள் இருக்கும். பழகிய கண் இல்லாவிட்டால் அதுவும் தப்பிவிடும். அதற்காகத் தவளை ஒரு விரலை இழக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்துவரும் ஒரு வகையைக் காப்பாற்றுவதற்காக அதன் விரல்களை வெட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் உவப்பாக இல்லை.

2004இல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் உள்ள விலங்கு நல ஆய்வகத்தில் டோனா பாய்ல் குழுவினர் உருவாக்கிய பிசிஆர் சோதனை இதை மாற்றியது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையின் உறவுமுறைதான் இது. அதில் இருந்த ‘ஆர்டி’ என்ற முன்னொட்டு மட்டும் இங்கே தேவையில்லை. கொரோனா வைரஸிடம் இருந்தது ஆர்என்ஏ. அதை முதலில் டிஎன்ஏவாக மாற்ற வேண்டியிருந்தது. பூஞ்சையிடம் இருப்பது டிஎன்ஏவேதான்.

மாதிரி எடுக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இங்கே கை தவறினால் பின்னால் எந்த இயந்திரமும் அதைச் சரிசெய்யாது. வேலை பெரும்பாலும் இரவில்தான், தலையில் கட்டிய விளக்கோடு. தவளையைப் பிடிக்கிறவர் புதுக் கையுறை போட்டுக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். ஒரு தவளைக்கு ஒரு கையுறை. முந்தைய தவளையைத் தொட்ட கையால் அடுத்ததைத் தொட்டால் நோயையும் பரப்பலாம், பொய்யான முடிவையும் உண்டாக்கலாம். பின்னங்கால்கள் இரண்டையும் நீட்டிச் சேர்த்துப் பிடித்து, வயிறு மேலே தெரியும்படி திருப்புவார்கள். பிடி இறுகினால் தவளைக்கு அடிபடும், தளர்ந்தால் அது ஓடைக்குள் போய்விடும்.

இன்னொருவர் கிருமி நீக்கிய குச்சியை உறையிலிருந்து எடுக்கிறார். நாம் காது குடையும் பஞ்சுக்குச்சி அல்ல இது. நுனியில் ரேயான் இழை சுற்றிய மெல்லிய மருத்துவக் குச்சி. சாதாரணப் பஞ்சில் உள்ள பொருள்கள் பிசிஆர் வினையைக் கெடுக்கக்கூடும் என்பதால் செயற்கை இழை. அடிவயிற்றின் இரண்டு பக்கம், இரண்டு தொடைகளின் உட்புறம், பின்பாதங்கள் இரண்டின் விரலிடைச் சவ்வு ஆகியவற்றில் பக்கத்துக்கு ஐந்து முறை, மொத்தம் முப்பது இழுப்பு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. முதுகைத் துடைப்பதில்லை. பூஞ்சை விரும்பிக் குடியேறும் இடங்கள், தவளை ஈரத்தில் அழுத்தி உட்காரும் அடிப்பகுதியும் கால்களும்தான். குச்சியைச் சும்மா தடவினால் போதாது. தோலில் ஒட்டியிருப்பது இழையில் ஏறும் அளவுக்கு அழுத்தம் வேண்டும், தோல் சிராயும் அளவுக்குக் கூடாது. இழுக்க இழுக்கக் குச்சியைச் சுழற்றிக்கொண்டே போவார்கள், நுனி முழுவதும் பயன்படட்டும் என்று. இழுப்பு எண்ணிக்கையில் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பத்து முறையும் மற்றவர் ஐம்பது முறையும் துடைத்தால், பிறகு வரும் எண்களை ஒப்பிடவே முடியாது.

துடைத்த குச்சியின் நுனியை விளிம்பில் மடக்கி ஒடித்து, சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு மூடி, எண் எழுதி, குளிர்ச்சியாக வைக்கிறார்கள். பேனா மை மழையில் கரையும், ஆல்கஹால் பட்டால் அழியும், ஆகவே பென்சில். தவளையின் நீளம், எடை, ஆணா பெண்ணா, காற்றின் வெப்பம், நீரின் வெப்பம் எல்லாம் குறித்தபின் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். எந்தத் தவளையையும் தொடாத வெற்றுக் குச்சிகள் சிலவற்றையும் அதே இடத்தில் திறந்து அதேபோலக் குழாயில் போட்டு எடுத்துப்போவார்கள். அவற்றில் பூஞ்சை இருப்பதாக முடிவு வந்தால், மாதிரிகளில் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆய்வகத்தில் முதல் வேலை டிஎன்ஏவை வெளியே கொண்டுவருவது. பூஞ்சையின் செல்சுவர் கெட்டி. ஆகவே குழாய்க்குள் பொடிமணிகளைப் போட்டு வேகமாகக் குலுக்கி உடைத்து, சூடாக்கி, சுழலியில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுப்பார்கள். பிசிஆர் கருவி அதில் பூஞ்சைக்கே உரிய ஒரு டிஎன்ஏ துண்டைத் தேடி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். நகல் கூடக் கூட ஒளி கூடும். ஒளி ஒரு குறித்த கோட்டைத் தாண்டும் சுற்றுதான் கொரோனா காலத்தில் வாட்சப்பில் எல்லாரும் விவாதித்த ‘சிடி’ மதிப்பு. தொடக்கத்தில் டிஎன்ஏ அதிகம் இருந்தால் கோட்டைச் சீக்கிரம் தாண்டும், குறைவாக இருந்தால் தாமதமாகும். பக்கத்திலேயே அளவு தெரிந்த வித்துகளின் டிஎன்ஏவையும், நூறு, பத்து, ஒன்று, பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், ஓடவிடுவதால் அவற்றோடு ஒப்பிட்டு ‘இந்தக் குச்சியில் இத்தனை வித்துகளுக்குச் சமமான டிஎன்ஏ’ என்று சொல்ல முடிகிறது.

ஆக, வரும் விடை வெறும் ‘உண்டு’, ‘இல்லை’ அல்ல. ஓர் எண். இந்தச் சோதனையின் உண்மையான பலமே அந்த எண்தான் என்று நினைக்கிறேன். செய்திகளில் அது அடிபடாமல் போவது வருத்தம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் மஞ்சள்கால் தவளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து துடைத்துவந்த வான்ஸ் வ்ரெடன்பர்க் குழுவினர் 2010இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். குச்சிக்குச் சுமார் 10,000 வித்துகள் என்ற அளவை எட்டும்வரை தவளைக் கூட்டம் தாக்குப்பிடிக்கிறது; அதைத் தாண்டினால் சாவு தொடங்கி, கூட்டமே சரிகிறது. ஒரு ஏரியில் எல்லாத் தவளைக்கும் தொற்று இருந்தும் அளவு ஐம்பது, நூறு என்று நின்றால் பதற வேண்டியதில்லை. இன்னொரு ஏரியில் சிலவற்றுக்கே தொற்று, ஆனால் அளவு வாராவாரம் பத்து மடங்கு ஏறுகிறது என்றால் உடனே கவனிக்க வேண்டும். சியரா நெவாடாவிலேயே சில ஏரிகளில் அழிவுக்குப்பின் தவளைகள் மீண்டு வந்திருக்கின்றன. அவற்றைத் துடைத்தால் இன்றும் பூஞ்சை இருக்கிறது, அளவுதான் குறைவு.

அந்தப் பத்தாயிரத்தை மந்திர எண்ணாக எடுத்துக்கொண்டு எல்லாத் தவளைக்கும் பொருத்துவது தவறு. தவளை வகைக்கு வகை தாங்கும் சக்தி வேறு. அமெரிக்கப் பெருந்தவளை பெரும்பாலும் நோய்வாய்ப்படாமலே பூஞ்சையைச் சுமந்து திரியும். மேலும், பிசிஆர் தேடுகிற டிஎன்ஏ பகுதி பூஞ்சையின் ஒரு செல்லில் எத்தனை பிரதிகள் இருக்கும் என்பது திரிபுக்குத் திரிபு மாறும். சிலவற்றில் பத்துப் பிரதிகள், சிலவற்றில் நூற்றுக்கும் மேல். ஒப்பிட எடுத்துக்கொண்ட திரிபு வேறாக இருந்தால், ஓர் ஆய்வகத்தின் ஆயிரம் இன்னொரு ஆய்வகத்தின் நூறாக இருக்கலாம்.

இனி ‘இல்லை’ என்ற விடைக்கு வருவோம்.

ஓர் ஓடையில் நூற்றுக்கு ஐந்து தவளைகளுக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது தவளைகளைத் துடைத்தோம், எல்லாம் ‘இல்லை’. நிம்மதியாகத் திரும்பலாமா? தொற்று உண்மையிலேயே இருந்தும் இருபதிலும் அகப்படாமல் போவதற்கு நூற்றுக்கு 36 வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை ஐந்துக்குக் கீழே இறக்க வேண்டுமானால் சுமார் அறுபது தவளைகள் வேண்டும். தொற்று நூற்றுக்கு ஒன்றுதான் என்றால் முந்நூறு. இது குச்சி ஒருபோதும் தவறாது என்று வைத்துப் போட்ட கணக்கு. லேசான தொற்றில் குச்சி பாதி நேரம் கோட்டைவிடும் என்று கொண்டால் அந்த அறுபது நூற்றிருபது ஆகிவிடும். இதற்கு மேல் குச்சியோடு வந்த சேறும் பாசியும் தோல்சுரப்பும் பிசிஆர் வினையையே முடக்கி ‘இல்லை’ என்று காட்டலாம். அதைப் பிடிப்பதற்காகத்தான் நல்ல ஆய்வகங்கள் ஒவ்வொரு குழாயிலும் வேறொரு தெரிந்த டிஎன்ஏவையும் சேர்த்துவிடுகின்றன. அதுவும் தெரியாவிட்டால் அந்த மாதிரி ‘இல்லை’ அல்ல, ‘செல்லாது’.

எத்தனை தவளை என்பது போலவே எப்போது, எங்கே என்பதும் விடையை மாற்றும். கோடையில் சமவெளிக் குட்டையில் எடுத்த நூறு மாதிரிகள், அதே மாவட்டத்தின் மலையுச்சி ஓடையில் குளிர்காலத்தில் என்ன நடக்கிறது என்று எதுவும் சொல்லாது. தலைப்பிரட்டைகளில் இன்னொரு குழப்பம். அவற்றின் உடல்தோலில் கெரட்டின் இல்லை. வாயின் கொறிக்கும் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. பூஞ்சையும் வாயில் மட்டும் தங்கும். கருப்பாக இருக்க வேண்டிய வாய்த்தகடு நிறம் வெளுத்துப்போவது ஓர் அடையாளம். தலைப்பிரட்டை பொதுவாக இதனால் சாவதில்லை. வால் போய்க் கால் வந்து, தோல் கெட்டிப்பட்டபிறகுதான் பூஞ்சை உடல் முழுவதும் பரவுகிறது. சின்னஞ்சிறு தவளைகள் கரையேறியதும் செத்து விழுகின்றன. வளர்ந்த தவளைகளை மட்டும் துடைத்தவருக்கு, குளத்தடியில் காத்திருக்கும் நோய் தெரியாது.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய ‘இல்லை’க்கு என்ன மதிப்பு என்பதைப் பனாமாவின் எல் கோப்பே காட்டியது. கோஸ்டா ரிகாவில் தொடங்கிய தவளைச் சாவு மலைத்தொடர் வழியே தென்கிழக்காக நகர்வதைக் கவனித்த கேரன் லிப்ஸ், அலை அங்கேயும் வரும் என்று கணித்து முன்கூட்டியே போய் வேலை தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. 2004 செப்டம்பரில் முதல் தொற்று கண்ணில் பட்டது. சில மாதங்களுக்குள் ஓடைகள் அமைதியாகிவிட்டன. அங்கே அறியப்பட்டிருந்த 63 இருவாழ்வி வகைகளில் 25 பிறகு காணக் கிடைக்கவில்லை. முன்னால் எடுத்த ‘இல்லை’கள் கையில் இருந்ததால்தான், பூஞ்சை அங்கே காலங்காலமாக இருந்து திடீரென்று வெறிகொண்டதா, புதிதாக வெளியிலிருந்து வந்ததா என்ற நீண்ட வாதத்தில் லிப்ஸ் குழுவினரால் உறுதியாகப் பேச முடிந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நிலைமை தலைகீழ். இங்கே பூஞ்சை இருக்கிறது; பெருஞ்சாவு இல்லை. 2011இல் கேரளத்தின் பொன்முடிப் பக்கத்திலிருந்து இந்தியாவின் முதல் பதிவு வந்தது. பிறகு வடபகுதி மலைகளில் தொடங்கி, கோவையின் ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்த சஞ்சய் மோளூர், நீலேஷ் தஹானுக்கர் போன்றோர் நடத்திய ஆய்வுகள், ஆசியாவுக்கே உரிய திரிபுகள் இந்த மலைகளில் பரவலாக இருப்பதைக் காட்டின. 2018இல் உலகெங்குமிருந்து சேர்த்த பூஞ்சைகளின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்ட சைமன் ஓஹான்லன் குழுவினர், இதன் பூர்வீகம் கிழக்காசியா, குறிப்பாகக் கொரியத் தீபகற்பம் என்று கண்டார்கள். ஆசியத் தவளைகள் நெடுங்காலமாகப் பூஞ்சையோடு பழகியவை என்பதால் தாக்குப்பிடிக்கின்றன என்பது பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

ஆனால் பழகிய நோயைக் கண்டுபிடிப்பது புதிய நோயைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். தொற்றுள்ள தவளைகள் சிலவே. அவற்றிலும் பூஞ்சையின் அளவு மிகக் குறைவு. மேலே போட்ட முந்நூறு தவளைக் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது. ஆனைமுடியைச் சுற்றி மட்டுமே வாழும் செம்மஞ்சள் புதர்த்தவளை போன்ற ஒன்றுக்கு முந்நூறுக்கு எங்கே போவது? ஒரே முகட்டில் வாழும் வகைகளுக்குப் புள்ளியியல் கேட்கும் எண்ணிக்கையைக் கொடுக்கவே முடியாது. இன்னொரு சிக்கல் சோதனையிலேயே இருந்தது. பிசிஆர் தேடும் அந்த டிஎன்ஏ பகுதி ஆசியத் திரிபுகளில் பலவிதமாக மாறியிருக்கிறது. வெளிநாட்டுத் திரிபுகளை வைத்து வடிவமைத்த சோதனை, உள்ளூர்ப் பூஞ்சையைச் சில நேரம் அடையாளம் காணாமல் விட்டுவிடும். ஹைதராபாத் சிசிஎம்பியின் லேகோன்ஸ் ஆய்வகத்தில் கார்த்திகேயன் வாசுதேவன் குழுவினர் இதற்காகவே ஒரு புதிய பிசிஆர் சோதனையை உருவாக்கி, 2023இல் வெளியிட்டார்கள். இந்திய மாதிரிகளோடு ஆஸ்திரேலிய, பனாமா மாதிரிகளிலும் அதைச் சரிபார்த்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகள் நலம் என்று முன்பு வந்த கணக்குகளை இந்தச் சோதனையால் ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது.

இங்கே பூஞ்சை ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு எதற்குத் தேட வேண்டும் என்று கேட்கலாம். உலகில் பேரழிவு செய்தது பெரும்பாலும் ஒரே ஒரு திரிபுக் கிளைதான். தவளை வணிகமும் செல்லப்பிராணி வணிகமும் அதைக் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுபோயின. அந்தக் கிளை நம் மலைக்கு வந்தால் உள்ளூர்த் தவளைகள் அதையும் தாங்குமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே ‘பூஞ்சை உண்டா’ என்பதோடு ‘எந்தப் பூஞ்சை’ என்ற கேள்வியையும் அதே குச்சியிடம் கேட்கிறார்கள். குச்சியில் கிடைக்கும் துளி டிஎன்ஏவிலிருந்தே திரிபை அடையாளம் காணும் முறைகள் இப்போது வந்துவிட்டன. சலமாண்டர்களைத் தாக்கும் இன்னொரு கைட்ரிட் 2013இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது; ஐரோப்பாவில் ஒரே குச்சியை வைத்து இரண்டு பூஞ்சைகளையும் தேடுகிறார்கள்.

தவளையையே தொடாத வழியும் இருக்கிறது. குளத்து நீரை வடிகட்டி, வடிதாளில் தங்கும் டிஎன்ஏவைச் சோதிப்பது. கலிபோர்னியாவின் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காவில் தவளைகள் சாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பே தண்ணீர் மாதிரியில் பூஞ்சை தெரிந்ததாக 2017இல் பதிவானது. பயனுள்ள எச்சரிக்கை மணிதான். ஆனால் எந்தத் தவளைக்கு, எவ்வளவு என்று தண்ணீர் சொல்லாது. ஓடும் நீரில் அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. கர்ப்பச் சோதனைப் பட்டை மாதிரி காட்டிலேயே சில நிமிடங்களில் கோடு காட்டும் பட்டைகளும் உருவாக்கப்பட்டிருக்கின்றன. பிசிஆர் அளவுக்கு நுணுக்கம் அவற்றுக்குக் கிடையாது. ஆசியாவின் லேசான தொற்றுகளுக்கு இப்போதைக்குப் பெரிதாக உதவாது என்பது என் கருத்து.

குச்சி பழைய காலத்துக்கும் போகும். டினா செங் உள்ளிட்டோர் அருங்காட்சியகச் சாடிகளில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த தவளைகளைத் துடைத்து, பூஞ்சை 1970களில் தெற்கு மெக்சிகோவில் தலைகாட்டி, குவாத்தமாலா வழியாக 1987வாக்கில் கோஸ்டா ரிகாவின் மான்டிவெர்டேயை எட்டியதை 2011இல் காட்டினார்கள். அந்த மலையின் பொன்தேரை கடைசியாகக் காணப்பட்டது 1989இல். சாடியில் இருந்தது ஆல்கஹாலா, ஃபார்மலினா என்பது இந்த வேலையில் பெரிய விஷயம். ஃபார்மலின் தோலின் வடிவத்தை அழகாகக் காப்பாற்றும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

மலையேற்றம் போகிறவரோ தோட்டத்தில் வேலை செய்கிறவரோ ஓரிடத்தில் ஒன்றுக்கு மேல் செத்த தவளைகளைப் பார்த்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. வெறுங்கையால் தொட வேண்டாம். இந்தப் பூஞ்சை மனிதரைத் தாக்காது, ஆனால் கையிலும் செருப்பிலும் ஏறி அடுத்த ஓடைக்குப் போகும். முதுகும் வயிறும் தெரியும்படி படம் எடுத்து, இடம், தேதி, நேரம், எத்தனை என்று குறித்து, வனத்துறைக்கோ பக்கத்தில் உள்ள பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள். காட்டு உயிரை எடுத்துவர அனுமதி வேண்டும், ஆகவே எடுப்பது அவர்கள் வேலை. வரும்போது ஆல்கஹால் பாட்டிலோடு வரச் சொல்லுங்கள். ஓடையை விட்டு ஏறியதும் செருப்பின் அடியில் இருக்கும் சேற்றைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். முழுசாக உலர்ந்தால் இந்தப் பூஞ்சை பிழைக்காது.